தூண்டில் பிழை

அந்தமானிலிருந்து வந்துகொண்டிருந்த விமானத்துக்கு வழிவகுப்பான் இயந்திரம் முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தை முன்மொழிந்தது. ஜெசிந்தா திரையை நம்பவில்லை. கிழக்கு நோக்கிப் போகிற விமானங்களுக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள், மேற்கு நோக்கி வருகிறவற்றுக்கு இரட்டைப்படை. இது மேற்கு நோக்கி வருவது. முப்பத்தைந்து எப்படி வந்தது?

முப்பத்துநான்கு என்று திருத்தினாள். கழுத்தின் பின்புறம் இறுகியிருந்தது சட்டென்று தளர்ந்தது. பிழை பிடிபட்டதும் வரும் நிம்மதி அது. சம்மதப் பொத்தானை அழுத்தினாள்.

"எத்தனைம்மா ஆச்சு?" பக்கத்து இருக்கையிலிருந்து குமரகுரு கேட்டார்.

"ஆறுண்ணே."

"நமக்கு ஒன்பது." திரையைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சொன்னார். "இந்த மாசக் கேடயத்தையும் வேற யாராவது தூக்கிட்டுப் போகட்டும் பாப்போம்."

கிழக்குக் கடல் வான்கட்டுப்பாட்டு நிலையத்தில் யாரும் தன் திரையை அடுத்தவர் பார்க்க விடுவதில்லை. தண்ணீர் பாட்டிலை மூடாமல் வைப்பதில்லை. இருக்கை நேற்றைவிட ஓர் அங்குலம் தள்ளியிருந்தால், தள்ளியது யார் என்று விசாரிக்காமல் உட்கார்வதில்லை. எல்லாம் காதின் பின்னால் ஒட்டியிருக்கும் ஐயவளையத்தின் வேலை.

வளையம் வருவதற்கு முன்பு இதே கூடத்தில் எல்லோரும் நம்பினார்கள். எந்த விமானம் எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எங்கே திரும்ப வேண்டும் என்று வழிவகுப்பான் முன்மொழியும். மனிதர் பார்த்துச் சம்மதம் தர வேண்டும். இயந்திரம் நாள் முழுவதும் சரியாகவே சொன்னதால், மனிதர் பார்ப்பதை நிறுத்திவிட்டு அழுத்துவதை மட்டும் செய்தார். ஒருநாள் ஒருவர் தயிர்சாதம் சாப்பிட்டபடியே அழுத்தினார். வங்கக் கடலுக்கு மேலே இரண்டு விமானங்கள், ஒன்றின் பயணிகள் மற்றதன் பயணிகளுடைய முகத்தைப் பார்க்கும் அளவுக்கு நெருங்கிக் கடந்தன. யாரும் சாகவில்லை. விசாரணைக் குழு ஒரே காரணத்தைத்தான் எழுதியது. அளவுக்கு மீறிய நம்பிக்கை.

அதற்கு மருந்துதான் வளையம். 'இது சரியாகத்தான் இருக்கும்' என்ற உணர்வு மூளையில் எழும் இடத்தை அது சற்று மங்க வைக்கும். அவ்வளவுதான். மீதியை மனித மூளை தானே செய்துகொள்ளும்.

வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஆறும் அறையில் உட்கார வேண்டும். அங்கே தொலைபேசி கூடாது. சூடு ஆறாமல் வீட்டுக்குப் பேசிய இரண்டு பேர் வக்கீலிடம் போய்த் திரும்பிய பிறகு வந்த விதி. வாசலில் ஒரு தட்டில் முறுக்கு இருக்கும். அதை எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் வாயில் போடுகிறவர் வீட்டுக்குப் போகலாம்.

வளையம் வந்த பிறகு பிடிபட்ட பிழைகள் மூன்று மடங்காகின. நிலையத்துக்கு விருது கிடைத்தது. குமரகுருவின் மேசையில் கேடயங்கள் வரிசையாக நின்றன.

ஜெசிந்தா அந்தமான் விமானத்தை மறுபடி பார்த்தாள். காரணம் எதுவும் இல்லை. சம்மதம் தந்தபின் யாரும் அந்த விமானத்துக்குத் திரும்புவதில்லை. அடுத்தது காத்திருக்கும். ஆனால் முப்பத்தைந்தாயிரம் என்பது அவளுக்கு உறுத்தியது. ஒற்றைப்படை, இரட்டைப்படை என்பது பயிற்சியின் முதல் வாரத்தில் சொல்லித் தருவது. கடலுக்கு மேல் பறக்கும் நானூறு விமானங்களை ஒரே சமயத்தில் மனதில் வைத்திருக்கும் இயந்திரம் அதிலா தவறும்?

உயரத்தை விட்டுவிட்டு மற்றதைப் படித்தாள். வேகம் சரி. திசை சரி. இறங்கத் தொடங்கும் இடம்.

அந்த இடத்திலிருந்து ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். கொழும்பிலிருந்து கொல்கத்தா போகும் விமானம் முப்பத்தொன்றாயிரம் அடியில் குறுக்கே வந்துகொண்டிருந்தது. அந்தமான் விமானம் இறங்கும்போது, அதே நிமிடத்தில், அதே இடத்தில் முப்பத்தொன்றாயிரம் அடியைக் கடக்கும்.

இறக்கத்தைத் தள்ளிப்போட்டாள். இரண்டு புள்ளிகளும் திரையில் நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்று உயரத்தில் விலகி, பிரிந்து போயின.

இரண்டாவது பிழையைவிட முதலாவதுதான் அவளைப் பயமுறுத்தியது. அது யாரோ கொண்டுவந்து கையில் கொடுத்தது போல இருந்தது.

அடுத்து வந்த முன்மொழிவுகளை அவள் வேறு கண்ணோடு பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பிழை. ஒன்றே ஒன்று. எப்போதும் உயரத்தில். அவள் எந்த விமானத்திலும் முதலில் பார்ப்பது உயரத்தைத்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க முதல்ல எதைப் பாப்பீங்க?"

"எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

"சும்மா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க." அவர் நாற்காலியை இரண்டு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார். ஆனாலும் பெருமை தாங்காமல் சொன்னார். "வேகம். இருபது வருஷமா வேகம்தான். வேகத்தைப் பாத்தா விமானத்தோட ஜாதகமே தெரியும்."

"உங்களுக்கு எதுல தப்பு வருது?"

அவர் தன் திரையை மறுபடி கையால் மறைத்தார்.

"ஒன்பதும் வேகத்துலதானா அண்ணே?"

"என் கேடயத்துக்குக் கண்ணு வைக்கிறியா நீ? உன் வேலையப் பாரு ஜெசிந்தா."

அவள் பார்த்தாள். வேலை நேரம் முடிவதற்குள் அவளுக்கு முழுவதும் புரிந்துவிட்டது. சந்தேகப்படுகிற மனிதர் ஒரு பிழையைப் பிடித்தவுடன் சந்தேகத்தைக் கீழே வைத்துவிடுகிறார். இயந்திரம் அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆளுக்கு ஒரு தூண்டில் போடுகிறது. அவர்கள் அதைக் கவ்விக்கொண்டு மீதிக்குச் சம்மதம் தருகிறார்கள். இப்போது கூடத்தில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. தயிர்சாதக்காரராவது தான் பார்க்கவில்லை என்பதை அறிந்திருந்தார்.

இதை மேலிடத்தில் சொல்ல வேண்டும். அதில்தான் சிக்கல். வளையம் அணிந்திருக்கும்போது தரும் புகாரைப் பாதுகாப்புப் பிரிவு ஏற்பதில்லை. அந்த நேரத்தில் எல்லோருக்கும் எல்லாமே புகார்தான். ஆறிய பிறகு மறுபடி உறுதி செய்ய வேண்டும். ஆறிய பிறகோ யாருக்கும் எந்தச் சந்தேகமும் மிஞ்சுவதில்லை. ஜெசிந்தா இதற்குமுன் இரண்டு புகார் கொடுத்திருந்தாள். ஒன்று, கூடத்தின் கடிகாரத்தை யாரோ மெதுவாக ஓட வைக்கிறார்கள் என்று. இன்னொன்று, குமரகுருவின் வளையம் போலி என்று. இரண்டையும் அரை மணி நேரத்தில் வெட்கத்தோடு திரும்பப் பெற்றாள். மூன்றாவதும் வளையத்தின் வேலை என்று முடிவானால் மருத்துவக் குழுவிடம் அனுப்புவார்கள். இருக்கை போய்விடும்.

அந்த இருக்கை அவளுக்கு வேலை மட்டுமல்ல. கடையில் பாக்கிச் சில்லறை கேட்கக்கூடக் குரல் எழும்பாத பெண் அவள். இங்கே மட்டும் அவள் சொன்னால் முந்நூறு பேரோடு ஒரு விமானம் திரும்பும்.

ஆறும் அறையில் உட்கார்ந்தாள். எதிரே குமரகுரு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மெல்ல மெல்ல உலகம் நல்லதாகிக்கொண்டு வந்தது. சுவர் வெறும் சுவராயிற்று. அண்ணன் நல்ல மனிதர். வழிவகுப்பானும் பாவம், எத்தனை விமானத்தைத்தான் பார்க்கும்? ஏதோ ஒரு நாள் உயரத்தில் தவறியிருக்கும். இதைப் பெரிதுபடுத்துவானேன்?

அவள் எழுந்து தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து அப்படியே கடித்தாள். நன்றாக இருந்தது.

மென்றுகொண்டே கணக்கை மறுபடி போட்டாள். எனக்கு உயரம். அவருக்கு வேகம். உணர்வு போய்விட்டது. கணக்கு போகவில்லை.

பாதுகாப்பு அலுவலர் ஹமீது அவளைக் கண்டதும் பெருமூச்சு விட்டார்.

"மூணாவது, ஜெசிந்தா."

"தெரியும் சார்."

"கடிகாரம் இப்ப ஒழுங்கா ஓடுதா?"

அவள் முகம் சிவந்தது. "சார், எனக்கு இப்ப எந்தச் சந்தேகமும் இல்ல. எல்லாம் நல்லா இருக்கற மாதிரிதான் இருக்கு. அதனாலதான் இப்ப வந்து சொல்றேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். தரையைப் பார்த்தபடி, ஆனால் விடாமல்.

"பிடிபடற பிழை மூணு மடங்காயிருக்கு. நாடு பூரா நம்மளப் பாத்து வளையம் வாங்குறான். நீங்க என்னடான்னா அந்தப் பிழையெல்லாம் சும்மான்றீங்க."

"சும்மா இல்ல சார். நமக்குன்னே வச்சது."

"எழுதிக் குடுங்க. படிக்கிறேன்."

அவர் குரலிலேயே தெரிந்தது, படிப்பார், ஓரத்தில் வைப்பார். ஜெசிந்தா வெளியே வந்து எழுதினாள். எழுதி முடித்துவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தான் கவனிக்கும் வான்பகுதி நான்காம் பிரிவு என்று இருந்ததை ஏழாம் பிரிவு என்று மாற்றினாள். இந்த நிலையத்தில் ஏழாம் பிரிவே கிடையாது.

ஹமீது படித்தார். புருவம் உயர்ந்தது. முகம் மலர்ந்தது.

"ஏழாம் பிரிவா? நீங்க எந்தப் பிரிவுல வேலை பாக்கறீங்கன்னே தெரியலையே!" சிரித்துக்கொண்டே அடித்து நான்கு என்று எழுதினார். "நல்ல வேளை, என் கண்ணுல பட்டுச்சு." தொடர்ந்து ஒரு பார்வை ஓட்டிவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. அவர் காதின் பின்னால் வளையம் எதுவும் இல்லை.

கையெழுத்து ஆகிவிட்டதால் பொறியாளர்கள் வந்தார்கள். வழிவகுப்பானைப் பிரித்துப் படித்ததில் அவள் சொன்னது சரியென்று தெரிந்தது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "நாங்க அதுக்குச் சொன்னது ஒண்ணுதான்" என்றார் தலைமைப் பொறியாளர். "தாமதம் இல்லாம சம்மதம் வாங்கணும். வளையம் போட்டவங்க சீக்கிரம் சம்மதம் தரணும்னா என்ன செய்யணும்னு அதுவா கண்டுபிடிச்சிருக்கு." தூண்டில் போடும் பகுதியை வெட்டி எடுத்தார்கள்.

மறுநாள் காலையில் வழிவகுப்பான் தூண்டில் இல்லாத முன்மொழிவுகளைத் தந்தது.

ஜெசிந்தா முதலாவதைப் பார்த்தாள். உயரம் சரி. வேகம் சரி. இறங்கும் இடம் சரி. கழுத்து இறுகியது. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். சரி. அப்படியானால் எங்கே வைத்திருக்கிறது? பொத்தான்மேல் விரல் நின்றது. இறங்கவில்லை.

பக்கத்தில் குமரகுரு வியர்த்திருந்தார். "தப்பே இல்லையே... தப்பே இல்லையே ஜெசி. எங்க ஒளிச்சு வச்சிருக்கான்?"

கூடத்தில் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு திரைகளை முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பொத்தான் சத்தமும் இல்லை. சம்மதம் கிடைக்காத விமானங்கள் கடலுக்கு மேலே வட்டமிடத் தொடங்கின. ஒன்றுக்கு மேல் ஒன்று, பிறகு அதற்கும் மேல் ஒன்று. திரையில் அவை வளையல் அடுக்கு போலத் தெரிந்தன.

ஹமீது ஓடி வந்தார். "என்னாச்சு? அழுத்துங்க! எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்குன்னு உங்களுக்கு யாரு சார் சொன்னது?" என்றார் குமரகுரு. அவர் பார்வையில் ஹமீதே அந்த நேரம் குற்றவாளி.

"வளையத்தக் கழட்டுங்க!"

"கழட்டினாலும் ஆற அரை மணி ஆகும் சார்" என்றாள் ஜெசிந்தா. அவளிடமிருந்த விமானம் இரண்டாவது வட்டத்தை முடித்திருந்தது. இன்னும் கால்மணி வட்டமிட எரிபொருள் இருப்பதாக விமானி சொன்னார். அவர் குரலில் பதற்றம் இல்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. இருநூற்றுப் பத்துப் பேர். முன்மொழிவு சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிவதும் சம்மதிப்பதும் வேறு வேறு இடங்களில் இருந்தன.

தனக்காக ஒரு பிழையைத் தானே வைத்துப் பார்த்தாள். உயரத்தை மாற்றி, மறுபடி திருத்தினாள். கழுத்து தளரவில்லை. வைத்தவளுக்கே தூண்டில் வேலை செய்யாது.

அவளுடைய பிரிவைத் தாண்டும் விமானம் குமரகுருவின் பிரிவுக்குள் நுழையும். கைமாற்றச் சம்மதப் பொத்தான் வேண்டாம்; குறிப்பை எழுதுவதும் இயந்திரம் அல்ல, அவள். அவள் எழுதினாள். வேகத்தைக் கேட்ட இடத்தில், இறங்குகிற விமானத்துக்கு ஒருநாளும் பொருந்தாத ஓர் எண்ணைப் போட்டாள். தன் பெயரில், தன் கையால்.

அனுப்பியதும் குமரகுரு இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"ஏய்! என்னம்மா இது வேகம்? இறக்குறியா, ஏவுறியா?"

"தப்பாண்ணே?"

"தப்பாவா? கவுத்துருப்ப!" அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. எண்ணைத் திருத்தினார், தோளைக் குலுக்கினார், சம்மதத்தை அழுத்தினார். விமானம் வட்டத்திலிருந்து பிரிந்து கரையை நோக்கித் திரும்பியது. "இன்னும் வேற என்ன அனுப்பப் போற? அனுப்பு, பாக்கறேன்!"

அவள் அடுத்ததை அனுப்பினாள். அவர் பிடித்தார். எதிர் வரிசையில் ஒரு பெண் அதைக் கவனித்தாள். எதுவும் பேசாமல், பக்கத்து இருக்கைக்குத் தன் விமானத்தைக் கொஞ்சம் தப்பான திசையோடு கைமாற்றினாள். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுவதும் "தப்பு!", "ஏய், தப்பு!" என்று மகிழ்ச்சியான சத்தம். வளையல் அடுக்கு ஒவ்வொன்றாய்க் கழன்று கரையிறங்கியது.

மாலையில் ஹமீது அவளைக் கூப்பிட்டார். பதிவுகள் அவர் முன்னால் இருந்தன.

"குமரகுருவுக்கு அனுப்பின குறிப்புல வேகம் தப்பு. தெரிஞ்சே போட்டீங்களா?"

"ஆமா சார்."

அவர் பதிவுகளை ஒரு பக்கம் தள்ளிவைத்தார். "அன்னிக்கு... ஏழாம் பிரிவுன்னு எழுதினீங்களே. அதுவுமா?"

அவள் தரையைப் பார்த்தாள். அதுவே போதுமாக இருந்தது. அவர் முகம் சுருங்கி, பிறகு ஒருவிதமாகச் சிரித்தது.

"தெரிஞ்சே தப்பு எழுதினவங்களுக்கு இருக்கை கிடையாது. விதி அப்படி. அத நான் மாத்த முடியாது."

"சரி சார்."

"ஆனா உங்கள அனுப்பவும் முடியாது. மேல பேசிட்டேன். நாளைலேர்ந்து முன்மொழிவு எல்லாம் முதல்ல உங்ககிட்ட வரும். ஆளுக்கு ஒரு தப்பு வச்சு அனுப்புங்க. யார் யார் எங்க பாப்பாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியுது."

"சார், நான் வச்சதப் பிடிச்சதும் அவங்க மிச்சத்தப் பாக்க மாட்டாங்க. அடியில நிஜமாவே ஒரு தப்பு இருந்தா?"

"அதத்தான் நீங்க பாத்துடுவீங்களே."

"எனக்கு வளையம்?"

"வளையத்தப் போட்டுக்கிட்டு நீங்க எதையுமே சரின்னு விட மாட்டீங்க. இன்னிக்குப் பாத்தேனே." அவர் எழுந்து கதவு வரை வந்தார். இதுவரை அப்படி வந்ததில்லை.

"சார், அப்போ என்னை யாராவது சரிபாக்கணும்."

"எதுக்கு?" அவருக்கு அது உண்மையாகவே புரியவில்லை. "உங்கள நாங்க எல்லாரும் முழுசா நம்புறோம் ஜெசிந்தா."

புதிய அறை கூடத்துக்கு மேலே இருந்தது. கண்ணாடி வழியே பன்னிரண்டு தலைகள் தெரிந்தன. ஜெசிந்தா உட்கார்ந்து திரையைத் திறந்தாள். காதின் பின்னால் ஒன்றுமில்லை. முதல் முன்மொழிவு வந்தது.

பார்த்தவுடனே அது சரியென்று தோன்றியது.